பூட்ஸ் கழுவும் தொட்டி

கேக்கின் மேல் நீல நிறத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் வரைந்திருந்தார்கள். குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்கியது. பெவர்லி கடையில் சொல்லி வரைய வைத்திருந்தாள்.

"நீ வெட்டு டெரெக். நீதான் இங்க சின்னவன்" என்று கத்தியை அவன் கையில் திணித்தாள்.

டெரெக் சிமாஸ் வெட்டினான். எதற்கு என்று கேட்கவில்லை. ஜனவரியிலிருந்து அவன் எதையும் எதற்கு என்று கேட்பதில்லை. கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். உட்காரச் சொன்னால் உட்காருவான். மனைவி லூசீலியா செத்த பிறகு அப்படி இருப்பது அவனுக்கு வசதியாக இருந்தது.

மாவட்ட நீதிமன்றத்தின் பின்புறம், கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி இரண்டு அறைகள். அதுதான் நுகர்வோர் மோசடிப் பிரிவு. மொத்தம் மூன்று பேர். அனூஷ் கராபெடியன் அரசு வழக்கறிஞர், பெவர்லி எழுத்தர், டெரெக் விசாரணைக்காரன். கலிபோர்னியாவின் நடுச் சமவெளியில், பாதாமும் பாலும் தவிர வேறு பேச்சில்லாத ஊர்களில், யாராவது யாரையாவது ஏமாற்றினால் தொலைபேசி இங்கேதான் அடிக்கும். பெவர்லி எடுப்பாள். பெயர் கேட்பாள், ஊர் கேட்பாள். பிறகு அதே குரலில், "கம்பெனி பெருசாங்க, சின்னதாங்க?" என்று கேட்பாள். பெரியது என்றால் காகிதம் ஒரு தட்டுக்குப் போகும். சின்னது என்றால் இன்னொரு தட்டுக்கு. அந்த இரண்டாவது தட்டில் தூசி தட்ட ஆள் கிடையாது.

யாரும் அப்படி விதி போட்டு வைக்கவில்லை. மாவட்டம் வரிப்பணத்திலிருந்து இந்தப் பிரிவுக்கு ஒன்றும் தருவதில்லை, அவ்வளவுதான். வழக்கில் ஜெயித்து வாங்கும் அபராதம்தான் மூவருக்கும் சம்பளம், அடுத்த வழக்குக்குச் செலவு. அபராதம் கட்ட வக்கில்லாத திருடன் பின்னால் ஓடினால் பிரிவே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

"தண்ணிக்காரன் கேஸ் முடிஞ்சிருச்சுப்பா!" என்றாள் பெவர்லி. "இப்ப உனக்குச் சொல்லலாம். காலையில நீதிபதி கையெழுத்துப் போட்டுட்டாரு. மூணு வருஷத்துக்கு நம்ம மூணு பேரையும் யாரும் அசைக்க முடியாது. நான் கிச்சன் தரை மாத்தப் போறேன், பாத்துக்கோ."

டெரெக் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தான். தண்ணீர் வடிகட்டி விற்று ஊரை ஏமாற்றிய அந்தக் கம்பெனி வழக்கின் காகிதம் எதையும் அவன் வசந்த காலத்திலிருந்து தொட்டதில்லை. ஏமாந்தவர்களில் முதல் ஆள் அவனுடைய மாமனார். அதனால் கராபெடியன் அவனை அந்த வழக்கிலிருந்து ஒதுக்கி வைத்தாள். அதைப் பற்றித் தொலைபேசி வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். பெட்ரோல் பங்குகளில் அளவு சரியாக விழுகிறதா என்று பார்க்கப் போவான்.

"அப்ப மாமா நிலத்து வில்லங்கம் எடுத்தாச்சா?" என்று கேட்டான்.

பெவர்லி கராபெடியனைப் பார்த்தாள். கராபெடியன் தட்டைக் கீழே வைத்தாள்.

"உள்ள வா டெரெக்."

உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள். ஐம்பத்தைந்து வயது. திராட்சைத் தோட்டத்து அர்மீனியக் குடும்பம். பேச்சைச் சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"உக்காரு."

"நிக்கிறேன் மேடம்."

"வில்லங்கம் அப்படியேதான் இருக்கு."

டெரெக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"ஒப்பந்தம் பூரா அவன் ஒரு கடன் கம்பெனிக்கு வித்துட்டான். உங்க மாமனார் நிலத்து மேல இருக்கிற கடன் இப்ப தண்ணிக்காரன்கிட்ட இல்ல. கடன் கம்பெனி என்ன சொல்றான்னா, நாங்க யாரையும் ஏமாத்தல, காசு குடுத்துக் காகிதம் வாங்கினோம்ங்கறான். அவனோட மல்லுக்கட்டணும்னா ரெண்டு மூணு வருஷம் இழுக்கும். நம்ம கையில வர்ற ஜூன் வரைக்கும்தான் பணம் இருந்துச்சு."

"தண்ணிக்காரன்?"

"அவன் பெருசா ஒரு அபராதம் கட்டறேன்னான். கடன் விஷயத்தை மட்டும் கிளறாதீங்கன்னான். கிளறினா திவால் போட்டுட்டு ஓடிருவேன்னான். திவால் போட்டா ஏமாந்தவங்களுக்கும் இல்ல, நமக்கும் இல்ல."

"அதனால நமக்கு வாங்கிட்டீங்க."

கராபெடியன் கண்ணாடியைக் கழற்றினாள். "போன வருஷம் மாவட்ட மன்றக் கூட்டத்துல போய்க் கெஞ்சினேன். வரிப்பணத்துல ஒரு ஆளுக்காவது சம்பளம் குடுங்க, அபராதத்தைப் பாத்துட்டு கேஸ் எடுக்கற பொழப்பு வேண்டாம்னு. ஒருத்தர் சிரிச்சாரு. நீங்கதான் சொந்தமா சம்பாதிக்கிறீங்களே, எங்க கால்ல ஏன் விழறீங்கன்னாரு. மத்த எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் டெரெக். வேற என்ன பண்றதுன்னு தெரியல."

வெளியே பெவர்லி தொலைபேசியில் யாரிடமோ பேசுவது கேட்டது.

"ஜூன்ல நாம மூடிட்டா அடுத்த தண்ணிக்காரன் வரும்போது இந்த மாவட்டத்துல போன் எடுக்க ஆள் இருக்காது. அதை யோசிச்சேன். சரியா தப்பான்னு என்னைக் கேக்காதே."

"அவங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "வீட்டுக்கு ஒரு வடிகட்டி. புதுசு. இந்தத் தடவை உள்ள மணல் இருக்காது. நான் ஆளை வெச்சு சோதிச்சுட்டேன்."

டெரெக் நின்றுகொண்டே இருந்தான்.

"நானே வந்து உங்க மாமனார்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம்."

கார் வரைக்கும் வந்த பிறகுதான் கேக் துண்டு இன்னும் கையில் இருப்பதைப் பார்த்தான். விரல்கள் நீலமாகியிருந்தன.

மக்காச்சோளம் அறுத்து முடிந்து வயல்கள் வெறும் தட்டைக் கட்டைகளாகக் கிடந்தன. பண்ணைகளில் தீவனக் குழிகளை வெள்ளைப் பிளாஸ்டிக்கால் மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கியிருந்தார்கள். புளித்த தட்டையின் வாடை கார்க் கண்ணாடியை ஏற்றினாலும் உள்ளே வந்தது. மேற்கே மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. டெரெக் இரண்டு மைல் சுற்றிப் போனான். நேர்ச் சாலையில் ஒரு நாற்சந்தி உண்டு. ஜனவரியில் அங்கே நின்றிருந்த, பீட் கிழங்கு ஏற்றிய லாரி பனியில் லூசீலியாவுக்குத் தெரியவில்லை. வயிற்றில் ஆறு மாதம்.

மாமனார் ஹெர்மினியோ ஒர்மோண்டியின் பண்ணை வாசலில் ஒரு கறுப்பு ரப்பர்த் தொட்டி எப்போதும் இருக்கும். அதில் பால்போல வெளுத்த மருந்துத் தண்ணீர். பக்கத்தில் கயிற்றில் கட்டிய தேய்ப்பான். வெளியிலிருந்து வரும் எவனும் பூட்ஸை அதில் முக்கி, அடியைத் தேய்த்துவிட்டுத்தான் மாடு இருக்கும் பக்கம் கால் வைக்க வேண்டும். அடுத்த பண்ணையின் நோயை இந்தப் பண்ணைக்குக் கொண்டுவரக் கூடாது. பால் லாரிக்காரன் முக்குவான். மாட்டு வைத்தியர் முக்குவார். பால் சோதிக்க வருகிறவன் முக்குவான். அவர்கள் நீட்டும் சீட்டில் ஹெர்மினியோ படிக்காமல் கையெழுத்துப் போடுவார். போர்ச்சுகலின் அசோரிஸ் தீவிலிருந்து வந்து நாற்பது வருஷமாக அப்படித்தான். படித்துப் பார்த்துப் போட்டால் வந்தவனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் ஒருவன் காரை வாசலிலேயே நிறுத்தினான். யாரும் சொல்லாமல் தொட்டியில் இரண்டு காலையும் முக்கினான். அடியைத் தேய்த்தான். ஹெர்மினியோ கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தவன் என்று முடிவு கட்டினார். அதற்குப் பிறகு அவன் என்ன சொன்னாலும் அவருக்குச் சரியாகத்தான் பட்டது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து ஒரு சொட்டு விட்டான். தண்ணீர் பழுப்பாகி, அடியில் சேறு இறங்கியது. எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விட்டாலும் இறங்கும் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி யாராவது உண்டா என்று கேட்டான். மகள் ஞாயிறு தோறும் வந்து சாப்பிடுவாள் என்றார். இந்தத் தண்ணீர் குடித்தால் குழந்தை நீலம் பாரித்துப் பிறக்கும் என்றான். பிறகு, ஒரு வடிகட்டி மாட்டித் தருகிறேன் என்று ஒரு தொடுதிரையை நீட்டினான். ஹெர்மினியோ விரலால் கையெழுத்துப் போட்டார். வீட்டின் மேலும் நிலத்தின் மேலும் கடன் ஏறியது.

வசந்தத்தில் பண்ணையாள் எஃப்ரேன் டிராக்டரைத் திருப்பும்போது சுவரோரம் நின்ற வடிகட்டி உருளையை இடித்துவிட்டான். அது பிளந்தது. உள்ளே ஆற்று மணல் மட்டும் இருந்தது.

டெரெக் தொட்டியில் கால் முக்கித் தேய்த்துவிட்டு உள்ளே போனான்.

கறவைக் கொட்டகையில் இயந்திரம் சீராக இழுத்துக்கொண்டிருந்தது. எஃப்ரேன் பள்ளத்தில் நின்று மடிகளைத் துடைத்து, முதல் பாலைப் பீய்ச்சிப் பார்த்து, குவளைகளை மாட்டிக்கொண்டே வந்தான். போர்த்துகீசிய ரேடியோ அலறியது.

"வாங்க கவர்மெண்டு! ஜெயிச்சிட்டீங்களாமே!"

"யாரு சொன்னா?"

"ரேடியோவுல சொல்லிட்டான். தண்ணிக் கம்பெனிக்கு பெரிய அபராதம், மாவட்டத்துக்கு வெற்றின்னு. கிழவரு கறக்கறதைப் பாதியில விட்டுட்டு வீட்டுக்கு ஓடிட்டாரு. அவரு ஓடி நான் பாத்ததே இல்ல. இடுப்புல கை வெச்சிட்டு வாத்து மாதிரி."

"எஃப்ரேன்..."

"நான்தான் அந்த உருளையை உடைச்சேன், மறந்துராதீங்க. எனக்கும் ஒரு மெடல் உண்டா? இல்ல, அபராதத்துல ஒரு பங்கு குடுத்தாலும் வாங்கிக்கறேன். இந்தம்மா கழுதை மாதிரி உதைக்கறா, அவளுக்கும் கொஞ்சம் குடுக்கலாம்" என்று ஒரு பசுவின் தொடையைத் தட்டினான். "என்ன மூஞ்சி அப்படி இருக்கு? உங்க மூஞ்சி எப்பவும் அப்படித்தான். போங்க, போங்க. அம்மா சோப்பாஷ் வெச்சிருக்காங்க. வாசனை இங்க வரைக்கும் வருது."

சோப்பாஷ் திருவிழாச் சமையல். மாட்டிறைச்சியை எலும்போடு ராத்திரியெல்லாம் கொதிக்க விட்டு, தடிமனாக அறுத்த ரொட்டியின் மேல் புதினாத் தழை வைத்து, கொதிக்கக் கொதிக்கச் சாற்றை ஊற்றுவார்கள். சாதாரண நாளில் யாரும் செய்வதில்லை. மாமியார் ஓடிலியா இன்று ரேடியோச் செய்தி கேட்டதிலிருந்து அவசர அவசரமாக வேக வைத்திருந்தாள். லூசீலியா போன பிறகு அந்த வீட்டில் புதினா வாசனை வருவது இதுதான் முதல் தடவை.

"கை கழுவு மாப்ளே. இதென்ன நீலமா?" என்றாள் ஓடிலியா.

"ஆபீஸ்ல கேக்."

"கேக் வேற வெட்டினாங்களா! பாத்தியா ஹெர்மினியோ, கேக் வெட்டியிருக்காங்க நம்ம கேசுக்கு."

ஹெர்மினியோ மேசைத் தலைப்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். எழுபது தாண்டியும் கறவைக் கை, விரல்கள் முழுதாக நீளாது.

"உக்காரு மாப்ளே. முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசு. இல்ல, பேசு. இல்ல, சாப்பிடு."

"நீயே ஒரு முடிவுக்கு வா" என்றாள் ஓடிலியா. சாற்றை ஊற்றினாள். ரொட்டி உப்பியது.

டெரெக் சாப்பிட்டான். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாய்க்கும் நினைத்தான். ஓடிலியா மறுபடி ஊற்றினாள். அதையும் சாப்பிட்டான்.

"காலையில பேங்க்குக்காரனைக் கூப்பிடறேன்" என்றார் ஹெர்மினியோ. "வில்லங்கம் இருக்கிற வரைக்கும் தீவனக் கடன் தர மாட்டேன்னானே, இப்ப என்ன சொல்றான்னு பாக்கலாம். ஏலக்காரனையும் கூப்பிடணும். வெள்ளிக்கிழமை லாரி அனுப்பாதேப்பா, என் மாடு எங்கயும் போகலன்னு. அவன் முகத்தைப் பாக்கணும் போல இருக்கு. அன்னிக்கு வந்து மாட்டைச் சுத்திச் சுத்திப் பாத்தான் பாரு, சந்தையில கத்திரிக்காய் பாக்கற மாதிரி."

"கூப்பிட்டுச் சொல்லு, திட்டாதே. வயசான காலத்துல உனக்கு வாய் ஜாஸ்தி" என்றாள் ஓடிலியா.

"லாரியை நிறுத்தாதீங்க மாமா" என்றான் டெரெக்.

ஹெர்மினியோ சிரித்தபடியே இருந்தார். காதில் விழுந்தது மனசுக்குப் போய்ச் சேர நேரம் ஆனது.

"என்ன?"

"வில்லங்கம் எடுக்கல. அது அப்படியேதான் இருக்கு."

"கேஸ் ஜெயிச்சாச்சுன்னு ரேடியோவுல சொன்னானே."

"ஜெயிச்சது மாவட்டம்."

"மாவட்டத்தை அவன் எப்ப ஏமாத்தினான்?" ஹெர்மினியோ நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "மாவட்டத்துக் கிணத்துலயா சொட்டு விட்டான்?"

டெரெக் சொன்னான். கடன் கம்பெனி, ஜூன் மாதம், திவால், அபராதம். கராபெடியன் சொன்ன வரிசையிலேயே சொன்னான். அவன் குரல் யாரோ படிப்பது போல அவனுக்கே கேட்டது. ஓடிலியா அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"சரி, அந்த அபராதப் பணம் எங்க போகும்?"

"எங்க பிரிவுக்கு."

"பிரிவுன்னா?"

"நாங்க மூணு பேரு."

"அதுல நீ ஒருத்தன்."

"ஆமா மாமா."

"அவன் என்ன பண்ணுவான்?" என்றாள் ஓடிலியா. "அவனைத்தான் வெளியில நிக்க வெச்சுட்டாங்களே. அவனுக்கு எதுவும் தெரியாதுல்ல."

"நீ சும்மா இரு." ஹெர்மினியோ மேசையில் இருந்த ரொட்டித் துணுக்குகளை உள்ளங்கையால் ஒரு பக்கமாகக் கூட்டினார். "உன் கல்யாணத்துல என்ன சொன்னே மாப்ளே, ஞாபகம் இருக்கா? அங்க ஹால்ல, ரெண்டாவது தடவை ஒயின் ஊத்தும்போது."

டெரெக்குக்கு ஞாபகம் இருந்தது. லூசீலியாவின் சித்தப்பாக்கள் சுற்றி நின்று, கவர்மெண்டுல உக்காந்து எங்க வரியைத் தின்கிறவன்தானே என்று கிண்டல் பண்ணினார்கள். அவன் சொன்னான்: என் சம்பளம் உங்க வரியில இருந்து வர்றதில்ல, திருடன்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறான். ஹெர்மினியோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். லூசீலியா வெள்ளை உடையில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திருடன் எனக்குச் சம்பளம் குடுக்கறான்னே. நான் அதை ஊரெல்லாம் சொன்னேன்டா. பால் லாரிக்காரன்கிட்ட சொன்னேன், பாதிரியார்கிட்டச் சொன்னேன். என் மாப்ள மாதிரி எவனாவது இருக்கானான்னேன்." நிறுத்தினார். "திருடன் யாரு காசை எடுத்துக் குடுக்கறான்னு நீ சொல்லல. எனக்கும் கேக்கணும்னு தோணல."

கொட்டகையில் ரேடியோவில் யாரோ பாடினார்கள்.

"அதே ஹால்ல, நம்ம ஊர்க்காரங்க கூடியிருக்கும்போது, நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன் மாப்ளே. நான் முட்டாள், ஏமாந்துட்டேன், நீங்களும் ஏமாந்திருந்தா வெக்கப்படாம சொல்லுங்க, என் மாப்ள ஆபீஸ்ல பாத்துக்குவாங்கன்னு. அதுக்கப்புறம்தான் எல்லாரும் வந்தாங்க. ஆல்வாரோ வந்தான். அந்த விதவைம்மா வந்துச்சு. நான் சொன்னதாலதான் வந்தாங்க. கூட்டம் சேத்துக் குடுத்தேன் உங்களுக்கு. கூட்டம் பெருசானா அபராதம் பெருசாகும், அப்படித்தானே?"

"ஆமா."

"ஆமாங்கறான்" என்று ஹெர்மினியோ ஓடிலியாவிடம் சொன்னார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தூக்கத்தில் தட்டி எழுப்பப்பட்டவர் போல இருந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றாள் ஓடிலியா.

"ஒரு வடிகட்டி தருவாங்க அத்தை. இது நல்லது."

"வடிகட்டியா?"

"தண்ணிக்கு."

ஓடிலியா கரண்டியைப் பானைக்குள் மெதுவாக விட்டாள். கை பிடியிலேயே இருந்தது.

"யாரு குடிக்க?" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. சாற்றின் மேல் கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது.

டெரெக் எழுந்து நின்றான். "நான் வேலையை விட்டுடறேன் மாமா. நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன்."

"விட்டா வில்லங்கம் போயிருமா?"

"போகாது."

"அந்தப் பணம் எனக்கு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு விடறே? உனக்கு நிம்மதியா இருக்கணும்னா?" ஹெர்மினியோ மேசையைப் பிடித்து எழுந்தார். "இருந்து வேலை பாரு. என் மாட்டை வித்துக் குடுக்கற சம்பளம் அது. தண்டமாப் போகக் கூடாது."

வாசலில் ரப்பர் பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பாதிக் கறவை பாக்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாத மாதிரிதான் இருந்தது. பனி வேலிக் கம்பி வரை வந்து நின்றது. கறுப்பு வெள்ளை மாடுகள் வரிசையாகத் தெரியாமல், வெள்ளைத் திட்டுகள் மறைந்து கறுப்பு மட்டும் மிதப்பது போல நின்றன. டெரெக் விடுப்பு எடுத்திருந்தான். எஃப்ரேனோடு சேர்ந்து அதிகாலை மூன்றரைக்கே கடைசிக் கறவையை முடித்தான். கறவை ஆனதும் எஃப்ரேன் வழக்கம்போலக் குழாய்களில் வெந்நீர் விட்டுக் கழுவினான். எதற்குக் கழுவுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அவன் பன்னிரண்டாயிரம் மாடு இருக்கிற ஒரு பெரிய பண்ணையில் திங்கள்கிழமை சேரப் போகிறான்.

"அங்க மாட்டுக்கெல்லாம் பேர் கிடையாதாம் கவர்மெண்டு. நம்பர்தானாம். எனக்கும் நம்பர்தான் குடுப்பாங்க" என்றான். பிறகு, "உதைக்கற அந்தக் கழுதையை முதல்ல ஏத்துங்க. அவளை அனுப்பிட்டா எனக்குக் கொஞ்சம் நிம்மதி" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பசுவின் பக்கம் போய்க் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான்.

லாரிகளின் விளக்கு முதலில் வந்தது, பிறகு உருவம் வந்தது. முதல் ஓட்டுநர் இறங்கினான். இளைஞன், தொப்பிக்குள் காது சிவந்திருந்தது. நேரே தொட்டிக்குப் போய் ஒரு காலை முக்கினான்.

"வேண்டாம்" என்றார் ஹெர்மினியோ.

"ஒரு நிமிஷம் ஐயா, நேத்து வேற பண்ணைக்குப் போனேன். அடியில சாணி."

"பரவாயில்ல. அப்படியே உள்ள வா."

ஓட்டுநர் ஒரு கால் ஈரமும் ஒரு கால் காய்ந்ததுமாக நின்றான். ஹெர்மினியோ போய்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்தார். வெளுத்த தண்ணீர் மண்ணில் ஓடி, லாரியின் டயர் வரை போய் நின்றது.

மாடுகள் சரிவுப் பலகையில் ஏறின. பழகிய நேரம் பழகிய ஆட்கள் என்பதால் கறவைக்குப் போகிறோம் என்று நினைத்து அடக்கமாகவே ஏறின. ஹெர்மினியோ ஒவ்வொன்றின் முதுகிலும் கை வைத்தார். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஓடிலியா சமையலறை ஜன்னல் திரையை மூடியிருந்தாள். கடைசி மாடு பலகையின் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது. டெரெக் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அதன் உடம்பு சூடாக இருந்தது. ஜனவரிக்குப் பிறகு இவ்வளவு சூடான ஒன்றின் மேல் அவன் முகம் பட்டதில்லை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தான். பிறகு தள்ளினான்.

லாரிகள் பனிக்குள் போன பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கொட்டகையில் குளிரூட்டி மட்டும் கடைசிப் பாலுக்காக ஓடிக்கொண்டிருந்தது.

டெரெக்கின் தொலைபேசி அடித்தது. பெவர்லி.

"லீவுன்னு தெரியும்ப்பா, மன்னிச்சுக்கோ. மேற்கால ஒரு பண்ணையில இருந்து ஒரு அம்மா கூப்பிட்டுச்சு. அழுவுது. ஒருத்தன் வந்து கூரையைப் பாக்கறேன்னு ஏறியிருக்கான். விரல் வெச்சுக் கையெழுத்துப் போட்டுருச்சாம். நல்ல பையனாத்தான் தெரிஞ்சான், வாசல்லயே பூட்ஸைக் கழுவிட்டு வந்தான்னு சொல்லுது. எனக்கு அதைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்."

டெரெக் ஊரையும் பெயரையும் கேட்டுக்கொண்டான். பிறகு, தான் பேசப் போவது தனக்கே தெரியாமல், பெவர்லி எல்லோரிடமும் கேட்கும் அதே குரலில் கேட்டான்:

"கம்பெனி பெருசா, சின்னதா?"

கேட்டு முடித்த பிறகுதான் ஹெர்மினியோ பக்கத்தில் நிற்பதைப் பார்த்தான். கவிழ்த்த தொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். ஓரம் வைக்க எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தொலைபேசியில் பெவர்லி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டெரெக் இணைப்பைத் துண்டித்தான்.

"அதைத்தான் முதல்ல கேப்பீங்களா?" என்றார் ஹெர்மினியோ.

டெரெக் தலையசைத்தான்.

"நான் அன்னிக்குக் கூப்பிட்டப்பவும் கேட்டீங்களா?"

"அன்னிக்குப் போனை எடுத்தது நான்தான் மாமா" என்றான் டெரெக். "கேட்டேன்."

ஹெர்மினியோ நினைத்துப் பார்த்தார். அந்தக் கேள்வி ஞாபகம் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

"பெருசுதான்னு சொன்னேன்" என்றார். "நல்ல கார்ல வந்தான்னு சொன்னேன்."

தொட்டியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, காலியான கொட்டகைக்குள் போனார். குளிரூட்டியை நிறுத்தப் போகிறார் என்று டெரெக் நினைத்தான். சத்தம் நிற்கவில்லை. அவன் காரை எடுத்து மேற்கே போகும் சாலையில் திரும்பிய பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.